ஐப்பசியைத் தாண்டும் அகேவ்

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அகேவ் செடி வெயிலால் சாவது அபூர்வம். சித்திரையில் இலை சுருங்கும், நுனி காயும், நிறம் மங்கும். ஒரு நல்ல மழை பெய்ததும் தேறிவிடும். அது சாவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மழை விடாமல் பிடித்து, வானம் பல நாள் மூடியிருந்து, வேரைச் சுற்றி நீர் நிற்கும்போது அடிக்கழுத்து அழுகத் தொடங்குகிறது. மேலே இலைகள் பச்சையாகவே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. மார்கழியில் ஒருநாள் கை பட்டால் கொத்தோடு சாய்கிறது. ‘தண்ணீரே வேண்டாம் என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள்’ என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொன்னார். தண்ணீர் ஊற்ற வேண்டாத செடிதான். ஆனால் தண்ணீர் வடிகிற இடம் அதற்குக் கட்டாயம் வேண்டும். இந்த அத்தியாயத்தில் நீர் ஊற்றுவதைப் பற்றிக் கொஞ்சமும் நீரை வடிப்பதைப் பற்றி நிறையவும் எழுதியிருப்பது அதனால்தான்.

எது அகேவ், எது இல்லை

ரயில் பாதை ஓரங்களிலும் தோட்ட வேலிகளிலும் ஆள் உயரத்துக்கு முள் நீட்டி நிற்கும் ஆனைக்கற்றாழை எல்லோரும் பார்த்ததுதான். சில ஊர்களில் ரயில் கற்றாழை என்பார்கள். மடலை வெட்டி நீரில் ஊறப்போட்டு, நாற்றம் பொறுத்து நார் உரித்துக் கயிறு திரித்தவர்கள் நார்க்கற்றாழை என்றார்கள். இந்தப் பெயர்களுக்குள் ஒரே செடி இல்லை. நீலச் சாம்பல் நிற அகேவ் அமெரிக்கானா, கரும்பச்சை வாள்போன்ற சிசலானா, மெலிந்த மடல் கொண்ட காண்டலா என்று குறைந்தது மூன்று இனங்கள் அடங்கியிருக்கின்றன. எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இருநூறுக்கு மேற்பட்ட அகேவ் இனங்களில் பெரும்பகுதி மெக்சிகோவைச் சேர்ந்தது.

சோற்றுக்கற்றாழை இதன் நெருங்கிய உறவு இல்லை. அது அரேபிய, ஆப்பிரிக்க வழிவந்தது. உருவம் ஒத்திருப்பதற்குக் காரணம், இரண்டும் வறண்ட நிலத்தில் ஒரேவிதமான வாழ்க்கையை வாழ்ந்ததுதான். வேறுபாட்டை அறிய மடலை ஒடித்துப் பார்த்தால் போதும். சோற்றுக்கற்றாழை சடக்கென்று ஒடியும், உள்ளே வழவழப்பான சோறு இருக்கும். அகேவ் மடல் ஒடியாது. நார் நாராக இழுத்துக்கொண்டு நிற்கும். சோற்றுக்கற்றாழை ஆண்டுதோறும் பூக்கும். அகேவில் ஒரு கொத்து வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும். இதைத் தெரிந்துகொள்வது தாவரவியல் ஆர்வத்துக்காக மட்டும் இல்லை. அகேவ் சாற்றில் கால்சியம் ஆக்சலேட்டின் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. முகத்துக்கோ தலைக்கோ தடவினால் எரிச்சலும் தடிப்பும் வரும். ‘கற்றாழைதானே’ என்று சாறெடுத்துக் குடிக்கவே கூடாது.

நர்சரிகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஃபர்க்ரேயா என்ற செடியை, அதிலும் மஞ்சள் வரியோடிய வகையை, அகேவ் என்று விற்கிறார்கள். அதுவும் இதே குடும்பந்தான், வறட்சியும் தாங்கும். மடல் மெல்லியதாகவும் வளையக்கூடியதாகவும், நுனிமுள் மொட்டையாகவும் இருந்தால் அது ஃபர்க்ரேயாவாக இருக்கலாம். வாங்கினால் நட்டம் ஒன்றும் இல்லை, ஆறடிக்கு மேல் விரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் வயல் வயலாகப் பயிராகும் சம்பங்கியையும் தாவரவியலாளர்கள் அண்மை ஆண்டுகளில் அகேவ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பூச்சந்தையில் முழம் போட்டு விற்கும் பூவுக்கும் ரயில் பாதை முள்ளுக்கும் இவ்வளவு நெருக்கம் என்பது எனக்கு இன்னும் வியப்புதான். ஆனால் சம்பங்கி நீர் கேட்கிற செடி. அதை இந்த அத்தியாயத்தின் முறைப்படி வளர்த்தால் பூ கிடைக்காது.

வேர் எப்படி வேலை செய்கிறது

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். அந்தத் துளை வழியாகவே நீரும் ஆவியாகும். அகேவ் பகலில் துளைகளை மூடிவிட்டு இரவில் திறக்கிறது. இரவில் வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கி மடலுக்குள் சேர்த்துவைத்து, மறுநாள் வெயிலில் அதை எடுத்துச் சர்க்கரை செய்கிறது. இரவுக் காற்று குளிர்ந்தது, ஈரம் மிகுந்தது என்பதால் நீர் இழப்பு மிகவும் குறைகிறது. தடித்த மடலும் அதன்மேல் படிந்த மெழுகும் மிச்சத்தைக் காக்கின்றன.

தோட்டக்காரர் இதைவிட முக்கியமாக அறிய வேண்டியது வேரைப் பற்றி. அகேவின் வேர் ஆழம் போவதில்லை. மேல்மண்ணிலேயே அகலமாகப் பரவும். பாலைநிலத்தில் பெய்கிற சிறு மழை மேல்மண்ணைத்தான் நனைக்கும் என்பதால் அங்கேயே காத்திருக்கிற வேர் இது. மண் காய்ந்தால் வேர் சுருங்கி மண்ணிலிருந்து விலகிக்கொள்ளும். மடலில் உள்ள நீர் மண்ணுக்குத் திரும்பிப் போகாமல் இருக்க அது ஒரு வழி. மழை பெய்ததும் சில நாளில் மெல்லிய புதுவேர்களை விட்டு நீரை உறிஞ்சும். மறுபடி காய்ந்தால் அந்தப் புதுவேர்கள் உதிர்ந்துவிடும். நனைவதும் காய்வதுமாக மாறி மாறி வரும் மண்ணுக்கென்றே அமைந்த வேர். மண்ணில் காற்றுப்புகும் இடமெல்லாம் நீர் நிரம்பி நாள்கணக்கில் நின்றால் அதற்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டிய வேரில் பூஞ்சை ஏறும், பூஞ்சை கழுத்துக்கு வரும்.

எந்த இனத்தை வைப்பது

முதல் செடியாக நான் பரிந்துரைப்பது டெஸ்மெட்டியானா. பூச்சாடியில் மலர் விரிந்த வடிவம், மூன்றடி அகலம், மஞ்சள் விளிம்புள்ள வகை எளிதாகக் கிடைக்கிறது. மடல் ஓரத்தில் முள் ஏறக்குறைய இல்லை. நுனியில் மட்டும் உண்டு. நம் காற்றின் ஈரத்தையும் மற்ற பல இனங்களைவிட நன்றாகத் தாங்குகிறது. இளமையிலேயே பூத்து முடிந்துபோவது ஒன்றே இதன் குறை. பூந்தண்டு நிறையக் குட்டிகள் விடுவதால் அதைப் பெரிய குறையென்று நான் நினைப்பதில்லை.

வெள்ளை விளிம்போடு, உருண்டையாகக் கூர்முனைகள் சிலிர்த்து நிற்கும் அங்குஸ்டிஃபோலியா நம் நர்சரிகளில் மிகப் பழகியது. கடற்கரைக் காற்றும் உப்பும் இதை ஒன்றும் செய்வதில்லை. இராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் முள் கூர்மை. குழந்தைகள் ஓடும் முற்றத்துக்கு ஆகாது.

முள்ளே இல்லாத அட்டெனுவாட்டாவைப் படங்களில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் பலர். மடல் மென்மை, பூந்தண்டு நரிவால் போல் வளைந்து தொங்கும். இது மெக்சிகோவின் உயர்ந்த மலைகளில் பாறை இடுக்கில் வளர்கிற செடி, பாலைநிலத்தது இல்லை. வேலூர், திருச்சி, மதுரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்தினால் மடல் வெளுத்துத் தீய்ந்துவிடும். காலை வெயிலும் மதியத்துக்கு மேல் நிழலும் உள்ள கிழக்குப் பக்கம் வையுங்கள். ஏற்காடு, கொடைக்கானல், பெங்களூர் காற்றில் சொல்லாமலேயே செழிக்கும். உறைபனி இறங்கும் உதகைப் பள்ளங்களில் மட்டும் மடல் கருகும்.

ஆனைக்கற்றாழையான அமெரிக்கானாவை, அதன் மஞ்சள் வரி வகையாக இருந்தாலும், அரை கிரவுண்டு மனையில் வைக்காதீர்கள். ஒன்றரை அடிச் செடியாக வாங்குகிறோம். அது ஆறடி உயரமும் எட்டு, பத்தடி அகலமும் ஆகும். சுற்றிலும் மண்ணுக்கடியில் ஓடித் தொலைவில் குட்டி எழுப்பும். பண்ணை வேலிக்கும் பெரிய நிலத்தின் மூலைக்கும் ஏற்றது. கைக்குள் அடங்கும் அழகு வேண்டுமென்றால் விக்டோரியே ரெஜினே என்ற சிறு இனம் இருக்கிறது: ஓர் அடி, ஒன்றரை அடிக்குள் நின்றுவிடும், மடலில் வெள்ளைக் கோடு வரைந்ததுபோல் இருக்கும். மிக மெதுவாக வளரும், விலையும் கூடுதல். மழைநீருக்கு மிகவும் அஞ்சும் என்பதால் இதைத் தொட்டியைவிட்டு இறக்காமல் இருப்பது நல்லது.

வாங்கும்போது செடியைக் கழுத்தில் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேர் இல்லை அல்லது அழுகியிருக்கிறது. மடல் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. நிழல்வலைக்குள் வளர்ந்த செடியா என்றும் கேளுங்கள். அப்படியென்றால் நேராக மொட்டை வெயிலில் வைக்காமல், இரண்டு மூன்று வாரம் சிறிது சிறிதாக வெயில் நேரத்தைக் கூட்ட வேண்டும். வெயில் சுட்ட வெள்ளைத் தழும்பு அந்த மடல் உதிரும்வரை போகாது.

மேடு

செடிக்குப் பாத்தி கட்டுவது நம் கைவழக்கம். கன்று வைத்தால் சுற்றிலும் வரப்பு அணைத்து நீர் நிற்கும்படி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். அகேவுக்கு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். செடி மேட்டில் நிற்க, நீர் அதைவிட்டு நாலாபக்கமும் ஓட வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதிச் செடிகள் பிழைத்துவிடும்.

முதலில் நிலத்தைச் சோதியுங்கள். ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி எடுத்து நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விட்டால் சாதாரண மேடு போதும். மறுநாள் காலையிலும் குழியில் நீர் நின்றால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் அகேவ் வைக்கும் எண்ணத்தை விடுங்கள்.

பெரம்பலூர், விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலும் காவிரிப் படுகையின் களிமண்ணிலும் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. மண் இறுக்கமாக இருக்கிறதே என்று இரண்டடிக் குழி தோண்டி, உள்ளே மணலும் ஜல்லியும் நிரப்பி, அதில் செடியை வைக்கிறார்கள். சுற்றிலும் நீர் வடியாத களிமண், நடுவில் இளகிய மணல். மழை பெய்தால் அக்கம்பக்கத்து நீரெல்லாம் அந்தக் குழிக்குள்தான் இறங்கும். செடி ஒரு நீர்த்தொட்டிக்குள் நிற்கும். களிமண்ணைத் தோண்டாதீர்கள், அதன்மேல் கட்டுங்கள். தரையை இலேசாகக் கொத்திவிட்டு, அதன்மேல் ஒன்றரை அடி முதல் இரண்டடி உயரத்துக்கு மேடு போடுங்கள். சரிவு மெல்லியதாக இருக்கட்டும். அகலம் உயரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு இருந்தால் மழையில் கரையாது. ஓரத்தில் பெரிய கற்களைப் பாதி புதைத்து வைத்தால் இன்னும் உறுதி.

செம்மண், சரளை நிலக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். புதுக்கோட்டை, சிவகங்கைச் செம்புரை நிலத்திலும் கோவை, திருப்பூர் சரளைக்காட்டிலும் அரையடி, ஓரடி மேடு போதும். கடற்கரை மணலில் மேடுகூடத் தேவையில்லை. நிலத்தடி நீர் மழைக்காலத்தில் மேலே வருகிற இடங்களில் மட்டும் உயர்த்திக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கலந்த ஓடைக்கல் மண் அகேவுக்குப் பகையில்லை.

மேட்டுக்கான கலவையில் பாதி செம்மண், மீதிப் பாதி கரடான பொருள். கருங்கல் சிறுஜல்லி, உடைத்த செங்கல், ஓட்டுத்துண்டு, சரளை, எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. எம் சாண்ட் போடலாம், ஆனால் அதில் உள்ள மாவுபோன்ற தூளைச் சலித்தோ கழுவியோ நீக்காவிட்டால் காய்ந்ததும் சிமெண்ட் தரையாக இறுகும். தொழுவுரமோ மண்புழு உரமோ பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மாடித்தோட்டக்காரர்கள் எதற்கும் கலக்கிற தென்னைநார்க் கழிவை இதற்குக் கலக்கவே கூடாது. அது நீரைப் பிடித்துவைப்பதற்கென்றே உள்ள பொருள்.

மேடு போடும் முன் கோரைப்புல்லைக் கிழங்கோடு எடுத்தே தீருங்கள். அலுப்பாக இருந்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். செடி விரிந்தபின் முள்ளுக்கு அடியில் கைவிட்டுக் கோரை பிடுங்குவது எவ்வளவு கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நடுவது

தை, மாசி இதற்கு உரிய காலம். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. அப்போது நட்டால் அடுத்த ஐப்பசிக்குள் எட்டு, ஒன்பது மாதம் வேர் பிடிக்க நேரம் கிடைக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற பழக்கத்தில் ஆடியில் நட்டு, வேர் பிடிக்காத செடியைப் பெருமழையில் நிறுத்துவது வீண். குமரி, தென்காசி, கோவை மேற்குப்பகுதி, நீலகிரி அடிவாரம் ஆகிய இடங்களில் ஆனியிலிருந்தே தென்மேற்கு மழை சாரலடிக்கும். அங்கே தையைத் தாண்டவிடாதீர்கள்.

தொட்டியிலிருந்து எடுத்த செடியின் பழைய மண்ணை உதிர்த்து, கறுத்த வேரை வெட்டிவிட்டு, நிழலில் மூன்று நான்கு நாள் கிடத்துங்கள். பிரித்த பக்கக்கன்றாக இருந்தால் ஒரு வாரம். வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்ட வேண்டும். பச்சைக் காயத்தோடு மண்ணுக்குள் போனால் அழுகல் அந்த வழியாகத்தான் ஏறும். ஒரு வாரம் வெறுமனே கிடந்தால் செத்துவிடுமே என்ற பயம் வேண்டாம். 1893-இல் ஜெர்மானிய வேளாண் அறிஞர் ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து சிசல் குட்டிகள் ஆயிரத்தை வரவழைத்துக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். கடல் கடந்து, கண்டம் மாறிப் போய்ச் சேர்ந்தபோது உயிரோடு இருந்தவை 62. இன்றைய தான்சானியாவின் சிசல் தோட்டத் தொழில் அந்த 62-இலிருந்துதான் தொடங்கியது.

நடும்போது கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மண் அமுங்கும் என்று கணக்கிட்டு ஓரங்குலம் உயர்த்தியே வையுங்கள். ஆடினால் மண்ணை ஏற்றி அணைக்காதீர்கள். இரண்டு மூன்று கல்லை முட்டுக் கொடுங்கள். கிண்ணம்போல் நீர் தேங்கும் அமைப்புள்ள இனங்களைச் சற்றுச் சாய்த்து நட்டால் குருத்தில் நிற்கும் மழைநீர் வழிந்துவிடும். மேலே மூடாக்காக இலைச்சருகு, தென்னைமட்டை எதுவும் வேண்டாம். அவை கழுத்தை ஈரமாகவே வைத்திருக்கும். ஓரங்குலத்துக்குச் சிறுஜல்லி பரப்புங்கள்.

இடம் தேர்வில் ஒரு விதி: முழு வளர்ச்சி அகலத்தைக் கணக்கிட்டு, நடைபாதையிலிருந்து அதற்கும் அப்பால் மூன்றடி விடுங்கள். புல்தரைக்கு நடுவில் வைக்காதீர்கள். தெளிப்பான் நாள்தோறும் நனைக்கும் புல்லும் மாதக்கணக்கில் காயவேண்டிய அகேவும் ஒரே இடத்தில் வாழாது; எப்போதும் புல்தான் வெல்லும். துணைக்கு அடினியம், ஆவாரை, காகிதப்பூ, கீழே பத்துமணிப் பூ ஆகியவை பொருந்தும். ‘முள்செடி வீட்டுக்கு ஆகாது’ என்று பெரியவர்கள் மறுத்தால் வாதாட வேண்டாம். முள்ளில்லாத அட்டெனுவாட்டாவைக் கொண்டுவந்து வைத்துவிடலாம்.

நீரும் உரமும்

நட்டு ஒரு வாரம் கழித்து முதல் நீர். பிறகு முதல் கோடை முடியும்வரை பத்து, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை மண் நன்றாக நனையும்படி ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பது கெடுதல். இரண்டாம் ஆண்டிலிருந்து தரையில் உள்ள செடிக்கு நீர் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் இருபது நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் மடல் சுருங்காமல் பார்வையாக இருக்கும், அவ்வளவுதான். செடி தாகத்தைத் தானே சொல்லும்: மடல் நீளவாக்கில் உள்வளைந்து, விளிம்பில் சுருக்கம் விழும். அழுகலின் அறிகுறி வேறு. அடிமடல் மஞ்சளித்துத் தொளதொளப்பாகத் தொங்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து அழுகும் செடிக்கு நீர் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்.

உரம், ஆண்டுக்கு ஒருமுறை மாசியில் கைப்பிடி மண்புழு உரம். யூரியாவைக் கண்ணிலும் காட்டாதீர்கள். மடல் கொழகொழவென்று நீண்டு, வடிவம் கெட்டு, மாவுப்பூச்சிக்கு விருந்தாகும்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இதே விதிகள்தான், இன்னும் கண்டிப்பாக. மண்தொட்டி பிளாஸ்டிக்கைவிட நல்லது, பக்கவாட்டிலும் காயும். அடித்துளை சுண்டுவிரல் நுழையும் அளவு இருக்கட்டும். தட்டு வைக்காதீர்கள்; இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். கோடையில் வாரம் ஒருமுறை நீர். ஐப்பசி பிறந்ததும் மழை படாத தாழ்வாரத்துக்கோ சன்ஷேடின் கீழோ நகர்த்திவிட்டு, தை வரை நீர் காட்டவே வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியை மாற்றாவிட்டால் வேர் தொட்டியை உடைக்கும்.

முள்ளும் சாறும்

நுனிமுள் கண்ணுக்கு நேர் உயரத்தில் நிற்பதுதான் உண்மையான ஆபத்து. குழந்தை, முதியவர், நாய் நடமாடும் வீட்டில் நுனியிலிருந்து கால் அங்குலத்தை மட்டும் நகவெட்டியால் கத்தரித்துவிடுங்கள். செடிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுமடலுக்கும் செய்ய வேண்டும்.

மடல் வெட்டும்போது முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி. இயந்திர வாளால் அறுத்தால் சாறு தெறித்து உடம்பெல்லாம் தடிக்கும், கைவாளே போதும். பட்டுவிட்டால் தேய்க்காமல் சோப்பும் நிறைய நீரும் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

அலுவலக வளாகங்களில் அடிமடலையெல்லாம் பச்சையாகச் சீவி, அன்னாசிப்பழம்போல் உருட்டி வைக்கிறார்கள். அது அழகென்று எனக்குத் தோன்றியதில்லை. செடியின் நீர்க்கிடங்கும் சர்க்கரைக் கிடங்கும் அந்த மடல்கள்தான். முழுக்கக் காய்ந்ததை மட்டும் எடுங்கள்.

பூச்சியும் அழுகலும்

மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் மடல் இடுக்கில் ஒளியும். எறும்பு வரிசை ஏறினால் அங்கே அவை இருக்கின்றன என்று பொருள். கொஞ்சமாக இருந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துக் குச்சியால் துடைத்தெடுங்கள். நிறைய இருந்தால் லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். நீலமெழுகு படிந்த மடலில் எண்ணெய் பட்டால் மெழுகு போய்த் திட்டாகும்; அவற்றில் இடுக்கில் மட்டும் விடுங்கள். மழைக்காலத்தில் மடல் இடுக்கில் நீர் தேங்கியிருந்தால் கொசு முட்டையிடும், குழாயால் பீய்ச்சி வெளியேற்றுங்கள்.

அமெரிக்கக் கண்டத்தில் அகேவுக்கு எமன் ஒரு கூன்வண்டு. நம் தென்னையைத் தின்னும் சிவப்புக் கூன்வண்டுக்கு நெருங்கிய உறவு. தண்டுக்குள் புழு குடைந்து, அழுகலையும் கூடவே கொண்டுபோகும். ஒருநாள் செடி முழுவதும் சரிந்து, நடுக்குருத்து மட்டும் நிமிர்ந்து நிற்கும். வெளிநாட்டிலிருந்து செடியைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவருகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அழுகல் தொடங்கிய செடியைக் காப்பாற்ற முடியுமா? கழுத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓரிடம் மட்டும் அமுங்கினால் முடியும். செடியைப் பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகியதை வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூவி, மழைபடாத நிழலில் பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, புதிய கலவையில் நடுங்கள். குருத்தை இழுத்ததும் அது கையோடு வந்துவிட்டால் நேரத்தை வீணாக்காமல் பக்கக்கன்றுகளைத் தேடுங்கள்.

பூத்தபின்

பூந்தண்டு புறப்படுவதை யாரும் தவறவிட முடியாது. பல ஆண்டு அசையாமல் நின்ற செடியின் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, ஆனைக்கற்றாழையில் 20, 25 அடிவரை போகும். சேர்த்த சர்க்கரை முழுவதும் அதில் செலவாகிறது. இந்த நாட்டு வெப்பத்தில் அமெரிக்கானாவுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். நூறாண்டுச் செடி என்ற ஆங்கிலப் பெயர் மிகை என்றாலும், குளிர்நாட்டில் அதற்கு அருகே போவதுண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் கண்ணாடிக்கூடத்தில் ஒரு செடி சுமார் 80 ஆண்டுக்குப் பிறகு 2014-இல் பூத்தது. தண்டுக்கு வழிவிடக் கூரைக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. மின்கம்பிக்குக் கீழே ஆனைக்கற்றாழை வைக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

தண்டை வெட்டினால் செடி பிழைக்குமா என்று கேட்கிறார்கள். மெக்சிகோவில் டெக்கீலாவுக்கு நீல அகேவ் பயிரிடுகிறவர்கள் தண்டை வெட்டுவது உண்மை. சர்க்கரை பூவுக்குப் போகாமல் அடித்தண்டிலேயே தங்கட்டும் என்று, அறுவடைக்காகச் செய்வது அது. வளரும் முனை பூவாக மாறிய பிறகு அந்தக் கொத்திலிருந்து புது இலை வராது. எனவே வெட்டாமல் விடுங்கள். தேன்சிட்டும் தேனீயும் வரும். சிசலானா, அங்குஸ்டிஃபோலியா, டெஸ்மெட்டியானா ஆகியவற்றில் பூ உதிர்ந்தபின் தண்டிலேயே சிறு குட்டிகள் முளைக்கும். சிசலில் ஒரு தண்டிலேயே ஆயிரத்துக்கு மேல் வரும். விரல் நீளம் ஆனதும் தட்டினால் உதிரும். அவற்றை மணல் கலந்த சிறு பைகளில் வைத்தால் பெரும்பாலும் எல்லாமே பிடித்துவிடும்.

மிஞ்சுவதைப் புறம்போக்கிலும் காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் வீசாதீர்கள். வெட்டிப் போட்ட கன்று கல்லின் மேல் கிடந்துகூட வேர்விடும். தென்னாப்பிரிக்காவில் சிசல் இப்படித்தான் வேலி தாண்டி, இன்று ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் இருக்கிறது. அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள், அல்லது நறுக்கி வெயிலில் காயப்போட்டுவிட்டு உரக்குழியில் சேருங்கள்.

தாய்ச்செடி காய்ந்து முடிய சில மாதம் ஆகும். தண்டு தானே விழுந்து யார் தலையையும் பார்க்கும் முன், முதலில் அதைக் கயிறு கட்டி இறக்குங்கள். காய்ந்த தண்டு உள்ளே நெட்டி பாய்ந்து எடை குறைந்திருக்கும். அவரைப் பந்தலுக்குக் குறுக்குக்கழியாக ஒரு பருவம் தாங்கும். பிறகு மடல்களை ஒவ்வொன்றாக அறுத்து, கடப்பாரையால் சுற்றிலும் நெம்பி அடிக்கட்டையை எடுங்கள். பெரிய அமெரிக்கானாவுக்கு இரண்டு ஆள் வேலை. மண்ணில் தங்கிய கிழங்குத் துண்டுகளைச் சல்லடையிட்டுப் பொறுக்காவிட்டால் அடுத்த மழையில் நீங்கள் கேட்காத இடத்திலெல்லாம் முளைக்கும். மேட்டைக் கலைத்து ஒரு கோடை வெயில் பட விட்டு, உடைந்து தூளான செங்கலுக்குப் பதில் புது ஜல்லி சேர்த்து, தையில் அடுத்த கன்றை வையுங்கள்.